கீச்சா, டொக்கா?

“அண்ணே, வண்டில ஒரு சத்தம் வருதுண்ணே.”

“எப்ப வருது?”

“மிக்ஸி ஜார்ல கல்லு மாட்டுன மாதிரி கடகடன்னு…”

“அது இருக்கட்டும் தம்பி. எப்ப வருது?”

பெரம்பலூரிலோ அரியலூரிலோ எந்த ஒர்க்‌ஷாப் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலும் இப்படி ஒரு பேச்சு காதில் விழும். சத்தம் எப்படி இருக்கிறது என்று சொல்லிக்காட்டத் துடிப்பார் வண்டிக்காரர். சிலர் வாயாலேயே ஓட்டிக் காட்டுவார்கள். விவரமான மெக்கானிக் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். அவருக்கு வேண்டியது வேறு. காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, பத்து கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய பிறகா? நிற்கும்போதா, மேடு ஏறும்போதா? ஏசி போட்டாலா? ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தாலா? கிளட்ச்சை மிதித்தால் நிற்கிறதா, மிதித்தால்தான் வருகிறதா? இதற்கெல்லாம் நேரான பதில் கிடைத்துவிட்டால் பானட்டைத் திறக்கும் முன்பே பாதி வேலை முடிந்த மாதிரி.

இதில் மாயமந்திரம் ஏதுமில்லை. இன்ஜினைச் சுற்றிலும் உருளும் பொருள்கள் ஏராளம். ஆனால் ஒவ்வொன்றையும் தனியாகச் சீண்டிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஏசி சுவிட்சைத் தட்டியதும் ‘டக்’ என்று கம்ப்ரசர் கிளட்ச் ஒட்டும். அந்த நொடியில் சத்தம் மாறினால் சந்தேகம் கம்ப்ரசர் பக்கம் போகும். ஹெட்லைட், ப்ளோயர் என்று கரன்ட் தின்னும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் ஆல்டர்னேட்டருக்குச் சுமை ஏறும். நம் பக்கத்துப் பட்டறைகளில் அதற்கு இன்னமும் பெயர் ‘டைனமோ’தான். சுமை ஏறும்போது ஊளையும் ஏறினால் விசாரணையை அங்கே தொடங்கலாம். ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது முனகினால் பவர் ஸ்டீயரிங் பம்ப். ஆயிலில் இயங்கும் பழைய வகைக்குத்தான் இது பொருந்தும். மோட்டார் வைத்த புது வண்டிகளில் அந்தப் பம்பே கிடையாது. கிளட்ச்சை மிதித்ததும் கிளம்பும் சத்தம் ரிலீஸ் பேரிங்குடையது. மிதித்ததும் அடங்குவது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். கடைசி இரண்டும் முன்பக்கமிருந்துதான் கேட்கும், ஆனால் இன்ஜினுக்கும் அவற்றுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இது தெரியாமல் இன்ஜினைப் பிரித்துப் பணத்தைக் கொட்டியவர்கள் உண்டு.

பழகிய காது சத்தத்தின் வேகத்தையும் கவனிக்கும். ஐடிலிங்கில் 800 ஆர்பிஎம் என்றால் கிராங்க் ஷாஃப்ட் நொடிக்குச் சுமார் 13 சுற்று சுற்றுகிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டின் வேகம் அதில் சரிபாதி. எனவே டேப்பட் சத்தம் சன்னமாக, நிதானமாக, இன்ஜினின் தலையிலிருந்து ‘டிக் டிக்’ என்று வரும். பெல்ட்டில் மாட்டிய சின்னப் புல்லிகளின் கதை நேர் எதிர். டைனமோ கிராங்க்கைப் போல இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் சுற்றும். அந்த வேகத்தில் பேரிங் கெட்டால் தனித்தனித் தட்டாகக் கேட்காது, ஒரே இழுவையாக ஊளையிடும்.

இது எல்லா ஊருக்கும் பொது. இந்த இரண்டு மாவட்டத்துக்கு என்று தனியாக ஒரு விஷயம் இருக்கிறது: தூசு.

அரியலூரைச் சுற்றி சுண்ணாம்புக்கல் லாரிக்கு ஒதுங்காமல் யாரும் கார் ஓட்ட முடியாது. 1979-ல் அரசு சிமென்ட் ஆலை இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு ரெட்டிப்பாளையம், கீழப்பழுவூர், கோவிந்தபுரம், தாமரைக்குளம் என்று தனியார் ஆலைகள் வந்தன. சுரங்கத்திலிருந்து ஆலைக்குப் போகும் சாலைகளில் மரத்தின் இலையே வெளுத்திருக்கும். இந்தச் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் கடலடி. கல்லங்குறிச்சிச் சுரங்கப் பாறையில் சிப்பிகள் படை படையாக ஒட்டிக் கிடக்கின்றன, வயது ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டு. அந்தச் சாலையில் ஓடும் காரின் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினால் கொட்டும் வெள்ளைப் பொடியில் டைனோசர் காலத்துச் சிப்பியும் கொஞ்சம் கலந்திருக்கும்.

மேற்கே பெரம்பலூர்ப் பக்கம் போனால் பாறையின் குணமே மாறிவிடுகிறது. பச்சைமலை அடிவாரம் வரை கெட்டியான கருங்கல். குவாரிகளும் கிரஷர்களும் ஜல்லியும் எம் சாண்டுமாகப் பறப்பது வேறு ரகத் தூசு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் 3-ல் நிற்கிறது. கருங்கல்லில் கலந்திருக்கும் குவார்ட்ஸோ 7. முன்னது எஃகைக் கீறாது. பின்னது பேரிங் எஃகையே தேய்க்கும். சுண்ணாம்புத் தூள் பெல்ட்டின் வரிகளுக்கு இடையே படிந்து, அழுந்தி, பளபளப்பாக்கிப் பிடிமானத்தைக் கெடுக்கும். கல்தூள் புல்லி பேரிங்கின் சீலைத் தாண்டி கிரீஸுக்குள் கலந்துவிட்டால் உருளைகளை அரைக்கத் தொடங்கும். ஒன்று கீச்சிடும், மற்றது கரகரக்கும். இரண்டு தூசும் கலந்து வரும் பெரம்பலூர் – அரியலூர் சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு இரண்டுமே வாய்க்கலாம்.

காரோடு வரும் கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் ‘தூசு நிறைந்த பகுதி’ என்று தனியாக ஒரு வரி இருக்கும். ஃபில்டரை எப்போது பார்க்க வேண்டும், எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கு அங்கே வேறு கணக்கு. சென்னையில் வாங்கிய கார் என்று சென்னைக் கணக்கிலேயே சர்வீஸ் விட்டால் இங்கே கட்டுப்படியாகாது. சர்வீஸுக்கு விடும்போது அந்த வரியைக் காட்டிக் கேட்பதில் தப்பில்லை.

பெல்ட்டைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். இப்போதைய கார்களில் பெரும்பாலும் ஒரே நீளப் பெல்ட்தான் டைனமோ, ஏசி கம்ப்ரசர், சிலவற்றில் வாட்டர் பம்ப் என்று எல்லாவற்றையும் சுற்றி வளைந்து ஓடும். கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியும்படி மடக்கி வெயிலில் பிடித்தால் நெடுகக் கோடு கோடாக வரிகள் தெரியும். பழைய ரப்பர் பெல்ட் என்றால் குறுக்கே வெடிப்பு விடும், யாருக்கும் புரிந்துவிடும். இப்போது வரும் இ.பி.டி.எம். ரப்பர் சீக்கிரத்தில் வெடிக்காது, அதன் வரி உள்ளுக்குள் தேயும். ‘வி’ போலக் கூர்மையாக இருந்த பள்ளம் மெல்ல ‘யு’ போல அகன்றுவிடும். மேலே கறுப்பாக, புதுசு போலவே இருக்கும். “பெல்ட் நல்லாத்தானே இருக்கு” என்று திரும்ப மாட்டுவது இதனால்தான். விரல் நகத்தைப் பள்ளத்தில் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சுண்ணாம்பு படிந்த பெல்ட்டில் அந்தப் பள்ளம் வெள்ளையாகப் பூசியதுபோல் இருக்கும்.

மார்கழிப் பனியில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சிட்டு, ஒரு நிமிடத்தில் தானாக அடங்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஈரத்தில் வழுக்கிய பெல்ட் காய்ந்ததும் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்த ஈரத்தையே சோதனைக்கும் பயன்படுத்தலாம். இன்ஜின் ஓடும்போது தள்ளி நின்று பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். சத்தம் நின்று, சற்று நேரத்தில் மறுபடி வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் இன்னும் அதிகமாக அலறினால் பெல்ட்டின் இறுக்கம் போதவில்லை, டென்ஷனரைப் பார்க்க வேண்டும். செலவு ஒரு குவளைத் தண்ணீர். இதைச் செய்யாமல் பெல்ட்டில் சோப்பும் மெழுகும் தேய்த்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். நாலு நாள் அமைதி, பிறகு தூசு அந்தப் பசையில் ஒட்டிக்கொண்டு பழையதைவிட மோசமாகும். என்னைக் கேட்டால் சோப்பு தேய்க்கும் பட்டறைக்கு மறுமுறை போகத் தேவையில்லை.

அடுத்த சோதனை இன்னும் தெளிவானது. இன்ஜின் ஆறியிருக்கும்போது பெல்ட்டை மொத்தமாகக் கழற்றிவிட்டு, அரை நிமிடத்துக்கு மட்டும் ஸ்டார்ட் செய்வது. சத்தம் காணாமல் போனால் நோய் இன்ஜினில் இல்லை, பெல்ட்டில் தொங்கும் ஏதோ ஒன்றில் இருக்கிறது. அணைத்துவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்த்தால் போதும். நல்ல பேரிங் சத்தமில்லாமல் சுற்றி நிதானமாக நிற்கும். கெட்டது விரல் நுனியில் மணல் நெருடுவதுபோல் தெரியும், அல்லது கிரீஸ் வற்றிப்போய் காத்தாடியாகச் சுற்றும். வாட்டர் பம்ப் புல்லியை இரு பக்கமும் ஆட்டும்போது துளி ஆட்டம் இருந்தாலும் அதற்கு நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அது உடைந்தால் கூலன்ட் வெளியேறி இன்ஜின் சூடேறும். பெல்ட்டும் டென்ஷனரும் சில ஆயிரத்தில் முடிகிற சமாசாரம். சூடேறி ஹெட் வளைந்தால் கணக்கே வேறு.

கழற்ற மனமில்லை என்றால் இருக்கவே இருக்கிறது திருப்புளி. நீளமான திருப்புளியின் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்தி, முனையை டைனமோ உடலில் வைப்பார் மெக்கானிக். பிறகு டென்ஷனர் போல்ட்டில், வாட்டர் பம்ப் உடலில், டேப்பட் கவரில். எல்லா இடத்திலும் இன்ஜினின் பொது இரைச்சல் கேட்கும். ஓரிடத்தில் மட்டும் கரகரப்பு பளிச்சென்று ஏறி வரும். காற்றில் பரவி எங்கிருந்து வருகிறது என்றே புரியாத சத்தம், இரும்பு வழியாக வரும்போது தன் முகவரியைச் சொல்லிவிடுகிறது. பிரான்சில் லென்னெக் என்ற மருத்துவர் 1816-ல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்து, ஸ்டெதஸ்கோப்புக்கு வழி திறந்ததும் இதே அறிவால்தான். மெக்கானிக்குகளுக்கென்றே முனையில் கம்பி வைத்த ஸ்டெதஸ்கோப்பும் கடைகளில் கிடைக்கிறது. பட்டறையில் ஏனோ திருப்புளிக்குத்தான் மரியாதை.

வீட்டில் இதைச் செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, விரித்த முடி எதுவும் ஓடும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் இன்ஜின் அணைந்த பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றும்.

இதுவரை சொன்னதெல்லாம் கீச். இனி டொக்.

சூடேறிய இன்ஜினின் அடிப்பக்கமிருந்து, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது கனமாக ‘டொக் டொக்’ என்று கேட்டால் அப்போதே ஓரமாக நிறுத்துவது நல்லது. கனெக்டிங் ராடுக்கும் கிராங்க்குக்கும் நடுவே உள்ள பேரிங் ஓட்டில் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அங்கே இரும்பையும் இரும்பையும் பிரித்துவைப்பது ஆயில் படலம் மட்டும். ஆயில் குறைந்தாலோ, பம்ப் அழுத்தம் விழுந்தாலோ, பாதை அடைத்தாலோ படலம் அறுந்து, ஓடு தேய்ந்து, இடைவெளி கூடி, ஒவ்வொரு அடியும் வெளியே கேட்கிறது. ஆயில் சூடானால் நீர்த்துப்போகும், ஆகவே சூட்டில் சத்தம் கூடும். நேர்மாறாக, காலைக் குளிரில் கேட்டு சூட்டில் மறைவது பெரும்பாலும் பிஸ்டன் ஆட்டமோ, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் கசிவோ. அவற்றுக்கு அவகாசம் உண்டு. ராடு பேரிங் அவகாசம் தராது. பாடாலூரில் கேட்ட சத்தத்தோடு திருச்சி போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாற்கரச் சாலையில் அழுத்தினால் ராடு முறிந்து பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். பிறகு டோ வண்டிக்குப் போன் போட வேண்டும்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரையும் முறைவைத்து நிறுத்திப் பார்ப்பார்கள். வெடிப்பு நின்றதும் ராடின் மீது பாரம் குறையும், டொக் அடங்கும். அந்தக் காலத்து டீசலில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தியே இதைச் செய்தார்கள். அந்தப் பழக்கத்தைக் காமன் ரெயில் இன்ஜினிடம் காட்டக் கூடாது. அதன் குழாயில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறக்கூடும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மின் இணைப்பை மட்டும் பிடுங்குவதே முறை.

இந்த டொக் சத்தம் ஒரு பெரிய கம்பெனியையே உலுக்கியிருக்கிறது. ஹூண்டாய் 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் சுமார் 4,70,000 சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. அங்குள்ள ஆலையில் கிராங்க் ஷாஃப்ட்டைக் கடைந்தபோது மிச்சமான உலோகத் துணுக்குகள் ஆயில் பாதையில் தங்கி, ராடு பேரிங்குகளைப் பட்டினி போடக்கூடும் என்பதுதான் காரணம். (இங்கே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் நம் சின்ன கார்களுக்கும் அந்த இன்ஜினுக்கும் தொடர்பில்லை.) பின்னாளில் அந்த வகை இன்ஜின்களுக்கு ஒரு மென்பொருளும் ஏற்றினார்கள். பெட்ரோல் இன்ஜின் பிளாக்கில் ஏற்கெனவே இருக்கும் நாக் சென்சாரைக் கொண்டே பேரிங் தேய்வின் அதிர்வைக் கேட்டறிந்து, விளக்கைச் சிமிட்டி வேகத்தையும் குறைத்துவிடும். திருப்புளி மெக்கானிக் செய்வதைக் கம்ப்யூட்டர் செய்கிறது. குறைகளை வெளியே கொண்டுவந்த முன்னாள் ஹூண்டாய் இன்ஜினியர் கிம் குவாங்-ஹோவுக்கு அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2021-ல் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கும் மேல் வெகுமதி கொடுத்தது.

நம் ஊர் டாக்ஸி ஸ்டாண்டுக்குத் திரும்புவோம். அங்கே ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசலைப் பார்க்காமல் இருக்க முடியாது. மாருதி, டாடா, ஃபியட் என்று பல கம்பெனி கார்களில் ஓடியதால் பத்திரிகைக்காரர்கள் அதை இந்தியாவின் ‘தேசிய இன்ஜின்’ என்றே அழைத்தார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததும் அதன் ஆட்டம் முடிந்தது. இன்று ஓடுபவை எல்லாமே வயதானவை. இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டு ஓட்டினால் சங்கிலி நீண்டு, டென்ஷனர் தளர்ந்து, காலை முதல் ஸ்டார்ட்டில் சில நொடிகளுக்குச் ‘சலசல’ என்று கேட்கும். டீசல் என்றாலே சத்தம்தானே என்று அதை ஒதுக்கிவிடுவார்கள். சங்கிலி தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அந்தச் செலவுக்குப் பழைய வண்டியையே விற்றுவிடலாம். டீசலின் இயல்பான தட்டல் ஓடும் நேரம் முழுக்க ஒரே சீராக இருக்கும். இது முதல் சில நொடிகளில் மட்டும் தலைகாட்டும். எப்ப வருது என்று கேட்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

மக்காச்சோள அறுவடை வந்தால் பெரம்பலூரில் இன்னொரு வகைச் சத்தம் வரும். கதிரைச் சாலையோரம் காய வைப்பார்கள், எலிகளுக்குக் கொண்டாட்டம். இரவில் சூடான இன்ஜின் மீது அவற்றுக்கு மெத்தை கிடைக்கிறது. ப்ளோயரைப் போட்டதும் ‘பட பட’ என்று அடிக்கிறதே என்று பிரித்தால் உள்ளே கிழிந்த துணியும் சோளமணியும். ஏர் ஃபில்டர் பெட்டியையே களஞ்சியமாக்கியிருக்கும் எலிகளும் உண்டு. வயரைக் கடித்துவிட்டால் ஒரு சிலிண்டர் ஓடாமல் இன்ஜின் உதறும், அதையும் ‘சத்தம்’ என்றே சொல்லிக்கொண்டு வருவார்கள். புகையிலை, நாப்தலின் உருண்டை என்று ஆளுக்கொரு வைத்தியம். வண்டியைத் தானிய மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் இருப்பது எல்லாவற்றையும்விட மேல்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் கார்கள் தனி ரகம். வருடத்தில் பதினோரு மாதம் போர்வைக்குள் கிடக்கும். வீட்டில் பெரியவர் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார். நல்லெண்ணம்தான், ஆனால் வண்டிக்கு நல்லதில்லை. ஆயில் சூடேறுவதற்குள் அணைத்தால் உள்ளே ஈரம் தங்குகிறது, பேட்டரியும் இழந்ததைத் திரும்பப் பெறுவதில்லை. மகன் ஊருக்கு வந்த அன்று புல்லித் துருவின் மேல் பெல்ட் ஏறிக் கீச்சிடும். ஐந்து நிமிட ஸ்டார்ட்டுக்குப் பதிலாக, தெரிந்த டிரைவரை விட்டு மாதம் இருமுறை சிறுவாச்சூர் கோயில் வரை, இல்லை கங்கைகொண்டசோழபுரம் வரை ஓட்டிவரச் சொன்னால் போதும்.

இப்போது எல்லாப் பட்டறையிலும் ஸ்கேனர் வந்துவிட்டது. செருகியதும் எரர் கோடு காட்டும். தேய்ந்த ஐட்லர் புல்லிக்கோ தளர்ந்த இன்ஜின் மவுண்டிங்குக்கோ கோடு கிடையாது. “ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, இன்ஜினை இறக்கித்தான் பாக்கணும்” என்று ஒருவர் சொன்னால், பெல்ட்டைக் கழற்றி ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். ஆயில் பிரஷர் கேஜ் வைத்தீர்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் சாவியை வாங்கிக்கொள்ளலாம். இந்த இரண்டு மாவட்டத்திலும் கைதேர்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கேட்ட பேரிங் இங்கே இல்லாவிட்டாலும், காலையில் போன் போட்டால் மதியத்துக்குள் திருச்சி பஸ்ஸில் பார்சலாக வந்துவிடுகிறது.

நம் பங்குக்குச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து கொண்டுபோகலாம். போன் மைக் கனமான சத்தத்தைச் சன்னமாக்கிவிடும், ஆனாலும் எந்த வேகத்தில் தொடங்கி எங்கே நிற்கிறது என்பது பதிவாகியிருக்கும். மீட்டரும் படத்தில் விழும்படி எடுங்கள். காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வரும் சத்தம் என்றால் வண்டியை முந்தின நாள் மாலையே பட்டறையில் விட்டுவிட்டு வாருங்கள், சூடான வண்டியோடு பதினோரு மணிக்குப் போய் நின்று பயனில்லை. வேலை முடிந்ததும் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக் கையில் சுற்றிப் பாருங்கள். பில்லுக்குப் பணம் கொடுப்பது, முன்பு எந்த நிலையில் சத்தம் வந்ததோ அதே நிலையில் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிய பிறகு இருக்கட்டும்.